மத்தியானத்தில் காணாமல் போன சிவப்பு

போன மாதம் அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வெள்ளை விட்ஸ் கார் ஒன்றின் பின்பக்கம். டெயில் லைட் இரண்டும் கறுப்பு, பின் கண்ணாடியும் கறுப்பு. கீழே ஒரே ஒரு வரி: "மாமா, என்ரையையும் இப்பிடிச் செய்தா வடிவா இருக்குமோ?" வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு, அத்தான் கொடுத்தது, மிச்சத்துக்கு லீசிங் என்று அவன் வாங்கிய முதல் கார் அது. வாங்கி மூன்று கிழமைகூட ஆகவில்லை. அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிவாகத்தான் இருந்தது. வெள்ளை உடம்பில் அந்த இரண்டு கறுப்புத் துண்டுகளும் மை தீட்டிய கண்போல எடுப்பாக நின்றன. வடிவில்லை என்று எழுதினால் அது பொய். வடிவு என்று எழுதினால் அவன் அடுத்த நாளே கடைக்குப் போய் நிற்பான். இரண்டு நாள் பதில் போடாமலே இருந்தேன்.

அவன் கேட்டதை 2021 கடைசியில் நான் செய்திருந்தேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வீட்டில் மனைவியைத் தவிர வேறு ஒருவருக்கும் அதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

வடிவு

அந்தக் காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. கையில் இருந்த பழைய காரின் விலை நாளுக்கு நாள் ஏறியது. புதிதாக ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. என்னிடம் இருந்தது 2004ஆம் ஆண்டு லான்சர், வெள்ளை. அப்பா இருந்தபோது வாங்கியது. அதை விற்கவும் மனமில்லை, மாற்றவும் வழியில்லை. அதனால் அதையே பார்த்துப் பார்த்துச் செய்தேன். சீட் கவர் மாற்றினேன், கட் அண்ட் பொலிஷ் போட்டேன், பின் கண்ணாடிக்கு டின்ட் ஒட்டினேன். கடைசியில் லைட்டில் வந்து நின்றேன். பதினேழு வருடத்துக் கார் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது டெயில் லைட்தான். சிவப்பும் செம்மஞ்சளும் வெள்ளையுமாகப் பிரித்து வைத்த அந்தப் பழைய லென்ஸை ஒரே கறுப்பாக்கினால் கார் பத்து வயது குறைந்துவிடும். சினேகிதன் ஒருவனின் காரில் பார்த்திருந்தேன், அதே ஞாபகமாக இருந்தது.

நாவலப் பக்கம் ஒரு ஸ்டிக்கர் கடை. தகரக் கூரை, உள்ளே இரண்டு டியூப் லைட். கடையில் இருந்த மல்லி (சிங்களத்தில் தம்பி) கறுப்புப் பிலிம் சுருள்கள் மூன்றை எடுத்துக் காட்டினான்: லைட், மீடியம், டார்க். நான் மீடியத்தைத் தொட்டேன். ஸ்ப்ரே அடிப்பதைவிட இதுதான் நல்லது, வேண்டாமென்றால் உரித்துவிடலாம் என்றான். அவன் வேலை செய்த விதத்தை இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. லென்ஸைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பூச்சியின் சிறகுகூட ஒட்டியிராதபடி விரலால் தடவிப் பார்த்து, பிலிமை விரித்து, ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து வாட்டி, வளைவில் இழுத்து இழுத்துப் படிய வைத்தான். ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளும்போது தண்ணீர் முத்து முத்தாக வெளியே வந்தது. கடைசியில் பிளேட்டை லென்ஸின் விளிம்போடு ஒரே இழுவையில் ஓட்டினான். மிஞ்சிய கரும் கீற்று சுருண்டு நிலத்தில் விழுந்தது. கையளவு துண்டு ஒன்றை மடித்து என்னிடமே தந்தான், கீறல் விழுந்தால் ஒட்டுவதற்கு.

பிறகு அவன் உள்ளே ஏறி ப்ரேக்கை மிதித்தான். நான் பின்னால் நின்றேன். கறுப்புக்குள்ளிருந்து மாதுளம் முத்துப்போல ஆழமான ஒரு சிவப்பு எழுந்து வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முன்பிருந்த வெளிர் சிவப்பைவிட அது வடிவாக இருந்தது. "பலன்ன அய்யே, நியமய்" என்றான், பாருங்க அண்ணே, பிரமாதம் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு லைட்டுக்கும் சேர்த்து 5000 ரூபாவுக்குள் முடிந்தது.

அந்த இடத்தை இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தகரக் கூரையின் கீழ், டியூப் லைட் வெளிச்சத்தில், ஆறடி தூரத்தில், லைட் எரியப்போகிறது என்று தெரிந்துகொண்டு, அதையே பார்த்தபடி நின்று நான் பரிசோதித்தேன். வீதியில் எனக்குப் பின்னால் வரும் ஒருவனுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. கொழும்பு மத்தியான வெயிலில் வெளியே ஒரு இலட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அந்தக் கொட்டகைக்குள் சில நூறு இருந்திருக்கும். ப்ரேக் லைட்டுக்குள் இருந்தது ஒரு 21 வோட் பல்ப். அது கொட்டகையிலும் அதே 21 வோட்தான், காலி வீதியிலும் அதே 21 வோட்தான்.

பெற்றோல் வரிசையில் ஒரு இரவு

முதல் எச்சரிக்கை ஆறு மாதத்துக்குள் வந்தது, அதை நான் எச்சரிக்கையாக எடுக்கவில்லை. 2022 ஜூன். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் க்யூஆர் முறை வருவதற்கு முன் இருந்த வரிசைகளைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஹெவ்லொக் வீதியோரம் வரிசையில் காரை விட்டுவிட்டு இரவு அதற்குள்ளேயே படுத்திருந்தேன். தெருவிளக்குகள் இல்லை. பெற்றோல் இல்லாமல் வரிசையில் நிற்பவன் பார்க் லைட்டைப் போட்டு பெட்டரியையும் இறக்கமாட்டான். இரண்டு மணியளவில் ஒரு ஆட்டோ என் பின் பம்பரின் மூலையை உரசிக்கொண்டு போய் நின்றது. பெரிதாக ஒன்றுமில்லை, பெயிண்ட் போனது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து, தன் டோர்ச்சை என் காரின் பின்பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு, "முன்னுக்கு நிண்ட காரெல்லாம் மினுங்குது, உங்கட மட்டும் மினுங்கேல்லை" என்றார். இருட்டில் தூக்கக் கலக்கத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அவர் சொன்னது அளந்து சொன்னதுபோன்ற உண்மை. டெயில் லைட்டுக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதற்கு பல்ப் கிடையாது. பின்னால் வருபவரின் ஹெட் லைட் அதில் பட்டு, வந்த வழியே அவருடைய கண்ணுக்குத் திரும்பிப் போகும். கார் செத்துக் கிடந்தாலும், பெட்டரி இறங்கியிருந்தாலும், அந்த ரிஃப்ளெக்டர் மட்டும் தன் வேலையைச் செய்யும். அதன் மேல் பிலிம் ஒட்டினால் வெளிச்சம் உள்ளே போகும்போது ஒரு தடவை வடிகட்டப்படுகிறது, திரும்பி வரும்போது இன்னொரு தடவை. பாதி வெளிச்சத்தை விடும் பிலிம் என்றால் திரும்பி வருவது பாதி அல்ல, கால்வாசி. பிற்பாடு என்னிடமிருந்த அந்தக் கையளவு துண்டை இருட்டறையில் லைட்டுக்கு முன் பிடித்து, போனில் லக்ஸ் அளக்கும் செயலியைப் போட்டுப் பார்த்தேன். 100 வெளியே வர வேண்டிய இடத்தில் 40 வந்தது. அப்படியென்றால் ரிஃப்ளெக்டரில் 16. போன் ஆய்வுகூடக் கருவி அல்ல, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் 100க்கும் 16க்கும் நடுவே கிடக்கிற தூரத்தை அந்த ஆட்டோக்காரர் ஒரு டோர்ச்சை வைத்துக் கண்டுபிடித்திருந்தார்.

என் கண்ணுக்கு ஏன் அது தெரியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. கண் ஒரு அளவுகோல் இல்லை. வெளிச்சம் பாதியாகக் குறைந்தால் அது பாதி என்று கண்ணுக்குத் தோன்றாது. கொஞ்சம் மங்கினதுபோலத்தான் இருக்கும். பக்கத்தில் பிலிம் ஒட்டாத இன்னொரு லைட்டை வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். இரண்டு லைட்டுக்கும் ஒன்றாக ஒட்டினால் ஒப்பிட என்ன இருக்கிறது?

மஞ்சள் கோடு

2024 பெப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். தெஹிவளைப் பக்கமிருந்து காலி வீதியால் வெள்ளவத்தைக்கு வந்துகொண்டிருந்தேன். சவோய் தியேட்டர் தாண்டவில்லை. வெயில் நேர் உச்சியில். நாற்பதுக்கு மேல் ஓடவில்லை. கையில் சந்தைப் பையோடு ஒரு வயதான அம்மா பாதசாரிக் கடவையின் மஞ்சள் கோட்டில் கால் வைத்தார். நான் ப்ரேக் பிடித்தேன், சடாரென்று அல்ல, சாதாரணமாகப் பிடிக்கிற பிடி. கார் நின்றது. அந்த அம்மா எனக்கு ஒரு தலையசைப்புத் தந்துவிட்டு இரண்டடி வைத்திருப்பார், பின்னால் இடி விழுந்ததுபோல ஒரு சத்தம்.

சாப்பாடு டெலிவரி செய்யும் பெடியன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. பைக்கின் முன் ஃபோர்க் வளைந்து, ரயர் என் பம்பருக்குக் கீழே செருகியிருந்தது. அவன் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நடைபாதையில் குந்தியிருந்தான். பெட்டிக்குள்ளிருந்த சோற்றுப் பார்சல் உடைந்து குழம்பு வீதியில் ஓடியது. அவன் முதலில் என்னிடம் சொன்னது நோவைப் பற்றி அல்ல. "அண்ணே, நான் பாத்துட்டுத்தான் வந்தேன். நீங்க ப்ரேக் புடிச்சது தெரியலண்ணே."

கூட்டம் கூடியது. கூட்டத்துக்கு ஒரு சட்டம்தான் தெரியும்: பின்னால் வந்து இடித்தவன்தான் பிழை. "போனைப் பாத்திருப்பான்", "உவங்களுக்கு நேரம்தான் பெரிசு" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பொலிஸ் உத்தியோகத்தர் வந்தார். இரண்டு பேரின் லைசன்ஸையும் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடம், ப்ரேக் லைட் பத்துமா, எரியுமா என்று கேட்டார். "பத்தும்" என்றேன். ஏறி மிதித்துக் காட்டினேன். அவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, நிழலுக்குக் குனிந்து பார்த்து, தலையாட்டினார். இன்சூரன்ஸ்காரர் வந்து படமெடுத்தார். பெடியனை ஒரு ஆட்டோவில் ஏற்றிக் களுபோவில வைத்தியசாலைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். மணிக்கட்டில் வெடிப்பு. மாவுக்கட்டு, ஆறு கிழமை. அவனுடைய பைக்குக்குத் தேட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான், அதனால் ஃபோர்க்குக்கான செலவு அவன் தலையில். என் பம்பரை இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது. மருந்துக் காசு நான் கொடுத்தேன், அவன் வேண்டாமென்றான், சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன். எல்லோரும் என்னை நல்ல மனிதர் என்றார்கள்.

"பத்தும்" என்று நான் சொன்னதில் பொய் இல்லை. அது எரியும்தான். ஆனால் அந்தப் பெடியன் லைட் எரியவில்லை என்று சொல்லவே இல்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னான். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே என் 5000 ரூபாப் பிலிம் ஒட்டியிருந்தது. அதை நான் அன்றைக்கே, களுபோவிலவில் எக்ஸ்ரேக்குக் காத்திருந்த அந்த வாங்கிலேயே, உணர்ந்துவிட்டேன். உணர்ந்தும் வாயைத் திறக்கவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மெரைன் டிரைவில் நான்கு ப்ரேக்

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. வாகனம் ஓட்டுகிற எவரும் தன் காரின் ப்ரேக் லைட்டை ஓட்டத்தில் பார்த்ததில்லை. பார்க்க முடியாத இடத்தில்தான் அது இருக்கிறது. விபத்து நடந்து பன்னிரண்டு நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியிடம் லான்சரைக் கொடுத்தேன். நான் பக்கத்து வீட்டுத் தம்பியின் ஸ்கூட்டரில் ஏறினேன். மெரைன் டிரைவில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை நாற்பதில் போ, இடையில் உனக்குத் தோன்றும் இடங்களில் நாலு தரம் ப்ரேக் பிடி, எங்கே என்று எனக்குச் சொல்லாதே என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு விளங்கியிருந்தது.

நேரம் பன்னிரண்டரை, அதே நேரம். வலப்பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். கடல் முழுவதும் வெள்ளி கொதித்தது. தார் வீதியும் கண்ணைக் கூசியது. எனக்கும் லான்சருக்கும் நடுவே பத்து மீற்றர் இருக்கும், அந்தப் பெடியனும் அவ்வளவு தூரத்தில்தான் வந்திருப்பான். வெள்ளைக் காரில் அந்த இரண்டு கறுப்புத் துண்டுகளும் வெயிலில் பளபளத்தன. பிலிமின் மேற்பரப்பில் சூரியன் விழுந்து, லைட் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு நின்று ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்சத் தூரம் போயிருப்போம். கார் பெரிதாகியது. அப்படித்தான் என் மனதில் பட்டது. சிவப்பு ஒன்றும் வரவில்லை. கார் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது. என் கைகள் தாங்களாகவே ப்ரேக்கைப் பிடித்தன. ஸ்கூட்டர் குலுங்கி நின்றபோது நம்பர் பிளேட்டின் எழுத்துகளுக்கு மேல் ஒட்டியிருந்த தூசியைக்கூட என்னால் பார்க்க முடிந்தது. இவ்வளவுக்கும் நான் லைட்டைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் வந்தவன். அவள் ப்ரேக் பிடிப்பாள் என்று தெரிந்தே வந்தவன்.

அதன் பிறகு ஒரு ஆட்டோ எங்களுக்கு நடுவே புகுந்தது. பழைய ஆட்டோ, சின்ன லென்ஸ், பக்கத்துக்கு ஒரு பல்ப். அது ப்ரேக் பிடித்தபோது அந்தச் சிவப்பு வெயிலைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஆட்டோ விலகியது. இராமகிருஷ்ண வீதிப் பக்கம் வரும்போது கடலின் மேலிருந்து ஒரு மேகத் துண்டு வந்து சூரியனை மூடியது. அந்த அரை நிமிடத்தில் அவள் இன்னொரு தரம் பிடித்திருக்கிறாள் போலும், லான்சரின் இரண்டு பக்கமும் அந்த மாதுளம் முத்துச் சிவப்பு, கொட்டகையில் பார்த்த அதே வடிவான சிவப்பு, மெல்ல எழுந்தது. மேகம் விலகியது. சிவப்பு எரிந்துகொண்டே இருக்கும்போது என் கண் முன்னாலேயே கறுப்புக்குள் அமிழ்ந்து போனது.

வெள்ளவத்தையில் ஓரங்கட்டினாள். "தெரிஞ்சதோ?" என்றாள்.

"எத்தினை தரம் பிடிச்சனீர்?"

"நாலு."

நான் லைட்டைக் கண்டது ஒரே ஒரு தரம். முதலாவதைக் காரின் அளவு பெருத்ததால் அறிந்தேன். மிச்சம் இரண்டு நடந்ததே எனக்குத் தெரியாது.

இரவுக்குத்தான் லைட் என்று நாம் நினைக்கிறோம். டின்ட் அடித்த லைட் இரவில் ஆபத்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். இரவில் பிலிமுக்குள்ளால் வரும் 40கூடச் சமாளித்துவிடும், ஏனென்றால் சுற்றிலும் இருட்டு. பகலில்தான் அந்த 40க்கு எதிரே சூரியன் நிற்கிறது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்று கடை மல்லி சொன்னதிலும் ஒரு பாதி நியாயம் உண்டு: லென்ஸுக்குள் போய்த் திரும்பும் வெயிலைப் பிலிம் இரண்டு தரம் வடிகட்டும், பல்ப்பின் வெளிச்சத்தை ஒரு தரம்தான். ஆனால் பிலிமின் மினுங்குகிற மேல்தோலில் பட்டுத் தெறிக்கும் வெயில் எந்த வடிகட்டலுக்கும் உட்படாது. நான் பார்த்த வெள்ளைப் பொட்டு அதுதான். ஹைலெவல் வீதியில் காலையில் நுகேகொடையிலிருந்து நகரத்துக்குள் வருபவர்களுக்கு இது இன்னும் மோசம். உதிக்கும் சூரியன் பின்னாலிருந்து நேரே டெயில் லைட்டில் விழும்.

எனக்கு அன்று இன்னொன்றும் பிடிபட்டது, அது மற்றதைவிட நோகச் செய்தது. லான்சருக்கு மூன்றாவது ப்ரேக் லைட் ஒன்று உண்டு, பின் கண்ணாடிக்கு உள்ளே. 1974இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு உளவியலாளர் டாக்ஸிகளில் இப்படி ஒரு மேலதிக லைட்டைப் பூட்டிப் பார்த்தார். அந்த டாக்ஸிகளைப் பின்னாலிருந்து இடிப்பது பாதிக்கு மேல் குறைந்தது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மொடலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். எல்லோருக்கும் பழகிய பிறகு பயன் சுமார் 4 சதவீதமாக இறங்கியது, அந்த 4 சதவீதமும் ஆயிரக்கணக்கான மோதல்கள். கண் மட்டத்தில் நிற்கிற அந்த லைட்டை நான் தொட்டதே இல்லை. தொடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு டின்ட் ஒட்டியபோது அதையும் மூடியிருக்கிறேன்.

அன்று பின்னேரமே மனைவியின் ஹெயர் டிரையரை எடுத்துக்கொண்டு காரின் பின்னால் குந்தினேன். ஓரத்தைச் சூடாக்கி நகத்தால் கிளப்பினால் பிலிம் தோல் உரிவதுபோல வந்தது. பசை மட்டும் லென்ஸில் நின்றது. தின்னர் போடப் போனவனைப் பக்கத்து கராஜ் பாஸ் கையைப் பிடித்து நிறுத்தினார்: அது பிளாஸ்டிக், தின்னர் பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும் என்றார். தேங்காயெண்ணெய் தடவி அரை மணித்தியாலம் ஊறவிட்டு, துணியால் உருட்டி உருட்டி எடுத்தேன். சிவப்பு, செம்மஞ்சள், வெள்ளை. பழைய லென்ஸ் திரும்பி வந்தது. கார் மறுபடி இருபது வயதானது.

மருமகனின் கேள்விகள்

இரண்டு நாள் கழித்து அவனுக்கு எழுதினேன்: ஞாயிற்றுக்கிழமை வீட்டை வா, காரையும் கொண்டு வா. வந்தான். இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டான். கெட்டிக்காரன், கேள்விகளும் சரியானவை.

புதுக் கார்கள் கொம்பனியிலிருந்தே கறுப்பு லைட்டோடு வருகிறதே என்றான். வருகிறது. ஆனால் அங்கே கறுப்பு லென்ஸை வைத்துத்தான் வெளிச்சத்தை அளக்கிறார்கள். ஐரோப்பாவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணைக்குழுவின் ஒழுங்குவிதிப்படி ப்ரேக் லைட் நேர் பின்னால் குறைந்தது 60 கண்டெலா (வெளிச்சச் செறிவின் அலகு) கொடுக்க வேண்டும். பார்க் லைட்டுக்கு 4 போதும். லென்ஸ் என்ன நிறமாக இருந்தாலும் அதற்கு வெளியே வந்து சேர வேண்டிய அளவு அது. உள்ளே அதற்கேற்ற எல்ஈடியும் ரிஃப்ளெக்டரும் வைத்துச் செய்வார்கள். தேறினால் லென்ஸில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் நாட்டின் எண்ணும் பொறிப்பார்கள். ஜப்பானில் அங்கீகாரம் பெற்றதற்கு 43. வெறும் 60ஓடு தேறிய ஒரு லைட்டில் என் பிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 24. அந்த 24க்கு ஒருவரும் முத்திரை குத்தவில்லை.

அப்படியென்றால் உள்ளே பிரகாசமான எல்ஈடி பல்ப் போட்டால்? எல்ஈடி சாதாரண பல்ப்பைவிட ஏறக்குறைய 0.2 விநாடி முந்தி முழு வெளிச்சத்துக்கு வரும் என்பது உண்மை. அறுபதில் போகும்போது அது மூன்று மீற்றருக்கு மேல். ஆனால் பழைய லைட்டின் கிண்ணம் சாதாரண பல்ப்பின் மெல்லிய இழை இருக்கும் புள்ளியைக் கணக்கில் வைத்து வளைத்தது. இழை இருந்த இடத்தில் வேறெதையோ வைத்தால் வெளிச்சம் கூடும், ஆனால் போக வேண்டிய பக்கம் போகாது.

பொலிஸ் பிடிப்பார்களோ என்றான். 2025 தொடக்கத்தில் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியதையெல்லாம் கழற்ற வைத்தது அவன் மனதில் இருந்தது. லண்டனில் இருக்கும் அவனுடைய சித்தப்பா, அங்கே எம்.ஓ.டி. என்ற வாகனப் பரிசோதனையில் லைட்டின் வெளிச்சத்தைக் குறைக்கும் எதையாவது ஒட்டியிருந்தால் ஃபெயில்தான் என்று சொன்னாராம். இங்கே எங்களைப் போன்றவர்களின் காருக்கு ரெவனியு லைசன்ஸ் எடுக்கும்போது புகையைத்தான் பார்க்கிறார்கள். மூன்று வருடம் புகைப் பரிசோதனைக்குப் போய் வந்தேன், லைட்டைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்காததைத்தான் நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவனை மெரைன் டிரைவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்கார மல்லி தந்த அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருந்தது. அவனுடைய விட்ஸின் இடது லைட்டில் மட்டும் அதை ஒட்டுநாடாவால் பிடித்து வைத்து, வீதியோரம் நிறுத்தி, நான் ஏறி ப்ரேக்கை மிதித்தேன். அவன் பின்னோக்கி நடந்தான். பத்தடி, இருபதடி, முப்பதடி. கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டே போனான். ஓரிடத்தில் நின்று கையை நெற்றியில் வைத்து நிழல் செய்து பார்த்தான். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது. "வலப்பக்கம் மட்டும்தான் மாமா எரியுது" என்றான்.

அப்போதுதான் அவனுக்கு அந்தப் பெடியனைப் பற்றி முழுதாகச் சொன்னேன். காலி வீதி, மஞ்சள் கோடு, குழம்பு, மாவுக்கட்டு, "பத்தும்". கேட்டுக்கொண்டே இருந்தவன் கடைசியில் ஒன்றுதான் கேட்டான். "அந்த அண்ணாவுக்கு நீங்க இதைச் சொன்னீங்களோ மாமா?"

இல்லை. பிலிமை உரித்துவிட்டேன், மூன்றாவது லைட்டுக்கு முன்னால் இருந்த டின்டையும் வெட்டி எடுத்துவிட்டேன், செய்ய வேண்டியதைச் செய்து முடித்ததாகவே எண்ணியிருந்தேன். அவன் கார்க் கதவில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது.

நம்பர் என்னிடம் இருந்தது. போனில் "பைக் தம்பி" என்று போட்டு வைத்திருந்தேன். அன்று இரவு எடுத்தேன். அவனுக்கு என்னை நினைவிருந்தது. கை எப்படி என்று கேட்டேன், மழைக்குக் குத்தும் என்றான். டெலிவரி விட்டுவிட்டானாம், வத்தளையில் ஒரு கடையில் ஸ்டோரில் நிற்கிறானாம். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். லைட்டில் கறுப்புப் பிலிம் ஒட்டியிருந்ததை, பிறகு நானே பின்னால் ஓடிப் பார்த்ததை, நாலு ப்ரேக்கில் ஒன்றுதான் தெரிந்ததை. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது, பொலிஸுக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லவில்லை என்றும் சொன்னேன். ஃபோர்க் திருத்திய காசை நான் தர வேண்டும் என்றேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நான் போன் பாக்கலண்ணே" என்றான். "அன்னைக்கு எல்லாரும் சொன்னாங்கல்ல, போன் பாத்துட்டு வந்தேன்னு. எங்கம்மா இன்னைக்கும் அதத்தான் சொல்லும். சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாப் போச்சு, ஒருவேளை பாத்தேனோன்னு."

"நீ பார்க்கேல்லை தம்பி" என்றேன்.

"காசு பரவால்லண்ணே. இத அம்மாகிட்ட ஒருக்காச் சொல்றீங்களா? இங்கதான் இருக்கு."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதைக் குறைத்தார்கள். "ஹலோ, யாரு?" என்றார் அந்த அம்மா. நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.